சக்கரங்களின் மேல் ஓர் இல்லறம்

எட்டடி அகலமும் இருபதடி நீளமும் கொண்ட ஓர் அறையை நேயர்கள் தம் மனக்கண்முன் கொண்டுவந்து பார்க்கலாம். அதன் ஒரு தலைப்பில் கட்டில். மறு தலைப்பில் உணவு மேசையும் அதன் இருபுறமும் இருக்கைகளும். நடுவே ஓர் அடுப்பு, கைகழுவும் தொட்டி, சில அலுமாரிகள். ஒருவர் எழுந்து நடக்கவேண்டுமாயின் மற்றவர் ஒதுங்கி நின்று வழிவிடவேண்டும். இவ்வறையின் கீழே சக்கரங்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. முன்னே செல்லும் மோட்டார் வண்டி இதனை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இளைப்பாறிய தம்பதிகள் பல்லாயிரவர், தாம் கட்டி வளர்த்த வீட்டை விற்றோ பூட்டியோ விட்டு, இத்தகைய வண்டிவீடுகளில் மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் வாழ்ந்திருக்கின்றனர்.

நாற்பதாண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கணவனுக்கும் மனைவிக்கும் இதில் என்ன புதுமை என்று கேட்கத் தோன்றும். அந்த நாற்பதாண்டுக் கணக்கில் ஒரு திருத்தம் செய்யவேண்டியிருக்கிறது. காலையில் தொழிற்சாலைக்கோ கந்தோருக்கோ சென்று பொழுதுசாய வீடு திரும்பிய கணவனை மனைவி கண்டது இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலுமே. பகற்பொழுது அவளுக்குரியதாக இருந்தது. இளைப்பாறிய மறுநாள் முதல் அந்தப் பகற்பொழுதும் பங்கு போடப்படுகிறது. "இன்பத்திலும் துன்பத்திலும் உடனிருப்பதாகவே வாக்களித்தேன், மத்தியான உணவுக்கும் உடனிருப்பதாக வாக்களிக்கவில்லை" என்று இல்லாள் ஒருத்தி கூறுவதாக அந்நாட்டில் வழங்கும் பழைய நகைச்சுவை ஒன்றுண்டு. விசாலமான வீட்டிலேயே எழும் இந்த முறைப்பாடு நூற்றறுபது சதுர அடிக்குள் எவ்வாறு தீர்க்கப்பட்டது? வண்டிவீட்டின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். அதனுள் வாழ்ந்த இருவரின் வரலாறும் அதற்கு இணையாகவே நடந்து வந்திருக்கிறது.

ஹென்றி போர்ட் 1908ஆம் ஆண்டிலே 'மொடல் ரி' என்னும் மோட்டார் வண்டியை வெளியிட்டார். 1920களின் நடுப்பகுதியில் அதன் விலை முந்நூறு டொலருக்கும் கீழே இறங்கியது. அதுவரை செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாக இருந்த வண்டி கமக்காரரின் முற்றத்திலும் வந்து நின்றது. உறைபனிக்காலத்தில் வயல்வேலை எதுவுமின்றி வீட்டினுள் அடைபட்டுக் கிடந்த வடபுலத்து மக்கள், கூடாரமும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு தெற்கே வெயிலை நாடிப் புளோரிடாவுக்குச் செல்லத் தலைப்பட்டனர். 1919ஆம் ஆண்டு தம்பா நகரின் டி சோட்டோ பூங்காவில் இவ்வாறு கூடியோர் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். அதற்குத் 'தகரப் பேணிச் சுற்றுலாக்காரர்' என்று பெயர் வழங்கிற்று. தகரப் பேணிகளில் அடைத்த உணவை உண்டு, தகரம் போன்ற வண்டியில் வந்தவர்கள் என்று ஊரார் ஏளனமாகச் சொன்னதை அவர்கள் பட்டமாகவே சூடிக்கொண்டனர். சூப்புப் பேணி ஒன்றை வண்டியின் முகப்பிலே பொருத்துவது அவர்களுடைய அடையாளம். சங்கத் தலைவருக்கு அரசர்க்குரிய பட்டம். புதியவர்களைச் சேர்ப்பதற்கு ஒரு சடங்கு. முகாமைத் துப்புரவாக வைத்திருப்பதும் வழியில் இடர்ப்பட்டு நிற்போருக்கு உதவுவதும் உறுப்பினர் கடமை. சிறுபிள்ளைத்தனமென்று இதனைத் தள்ளிவிடலாகாது. முகாமுக்கு வந்த ஒருவருக்கு அங்கே ஒரு பதவியும் ஒரு கடமையும் ஒரு கூட்டமும் காத்திருந்தன. பின்னாளில் எழுந்த கழகங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே மாதிரியாயிற்று.

ஆனால் முதுமையில் ஓய்ந்திருப்பதற்குப் பணம் வேண்டுமே. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளிக்கு இளைப்பாறுதல் என்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வீட்டு மூலையில் ஒதுங்குவதாகவே இருந்தது. 1935ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆந் திகதி சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அறுபத்தைந்து வயதிற்குப் பின் மாதந்தோறும் ஒரு தொகை வழங்க அது வகைசெய்தது. 1940 யனவரியில் வெர்மொன்ற் மாநிலத்து ஐடா மே புல்லர் என்னும் அம்மையார் முதலாவது மாதக் கொடுப்பனவைப் பெற்றார். தொகை 22 டொலர் 54 சதம். அதற்கு முந்திய ஆண்டில் செய்யப்பட்ட ஒரு திருத்தம் இப்பேச்சின் பொருளுக்கு மேலும் நெருக்கமானது. இளைப்பாறிய கணவனின் தொகையிற் பாதியளவு, அறுபத்தைந்து வயதடைந்த மனைவிக்கும் தனியே வழங்கப்படும் என்று 1939இல் விதிக்கப்பட்டது. வெளியே சம்பளத்துக்கு வேலை செய்திராத பெண்ணின் பெயரிலும் அரசாங்கத்தின் கணக்கில் ஒரு வரி எழுதப்பட்டது. 1949ஆம் ஆண்டு போர்ட் கம்பெனித் தொழிலாளரின் சங்கம், முப்பதாண்டு சேவை புரிந்தோருக்கு அரசாங்கத் தொகையும் உட்பட மாதம் நூறு டொலர் ஓய்வூதியத்தைப் பேரம்பேசிப் பெற்றது. வண்டிகளைச் செய்த கைகளே பின்னர் அவ்வண்டிகளில் ஏறிப் புறப்பட இவ்வாறு வழி பிறந்தது.

இனி வண்டிவீட்டைக் காண்போம். டெற்றோயிற் நகரில் ஆதர் ஷேர்மன் என்றொரு நுண்ணுயிரியல் அறிஞர் இருந்தார். குடும்பத்துடன் விடுமுறைக்குச் சென்றபோது, சில நிமிடங்களிற் கட்டிவிடலாமென்று விற்பனையாளர் கூறிய கூடார வண்டியைக் கொட்டும் மழையில் விரிக்க முடியாமல் அவர் நனைந்து திண்டாடினார். மரப்பலகையாலேயே சுவர் எழுப்பிய வண்டி ஒன்றைப் பின்னர் செய்வித்தார். 1930களில் அவருடைய தொழிற்சாலை அந்நாட்டின் வண்டிவீட்டுத் தொழிலில் முன்னணியில் நின்றது. இருபது ஆண்டுகளில் அமெரிக்க மக்களிற் பாதிப்பேர் இத்தகைய வண்டிகளிலேயே குடியிருப்பர் என்று ரோஜர் பாப்சன் என்னும் பொருளியற் கணிப்பாளர் அப்பொழுது ஆரூடம் கூறினார். ஆரூடம் பொய்த்தது. அத்துணை நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது என்பதற்கு அது சான்றாக மட்டும் நிற்கிறது.

ஷேர்மனை உந்தியது மழை. மற்றொருவரை உந்தியது அடுக்களை. ஓரிகன் மாநிலத்தில் 1896இல் பிறந்த வொலி பையாம், இளமையில் ஆட்டிடையனாகச் சக்கரம் பூட்டிய சிறு குடிலொன்றில் தனியே தங்கியவர். பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சஞ்சிகைத் தொழில் நடத்தினார். அவருக்குக் கூடாரம் அடித்துத் தங்குவதில் அலாதி விருப்பம். அவருடைய முதல் மனைவி மரியனுக்கோ அது சிறிதும் பிடிக்கவில்லை. அடுக்களை இல்லாத இடத்துக்குத் தாம் வருவதில்லை என்று அம்மையார் மறுத்துவிட்டதாகவும், அதன் பின்னரே அடுப்பும் பனிப்பெட்டியும் அமைந்த வண்டியைக் கணவர் ஒரு பழைய மொடல் ரி வண்டியின் அடிச்சட்டத்தின் மீது கட்டியதாகவும் அவர் தொடங்கிய எயர்ஸ்ட்ரீம் கம்பெனியின் வரலாற்றிற் சொல்லப்படுகிறது. 1936இல் அக்கம்பெனி வெளியிட்ட, அலுமினியத் தகட்டாலான வெள்ளிநிற வண்டி உலகப் புகழ் பெற்றது. கணவன் மனைவியரிடையே எழுந்த ஒரு மறுப்பிலிருந்து ஒரு கைத்தொழில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த அடுக்களைக் கதையைச் சொல்வோர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வர். அதனுள் ஓர் உண்மை மறைந்து கிடக்கிறது. இளைப்பாறிய கணவன் தன் வேலையைத் தொழிற்சாலையின் வாயிலிலே விட்டுவிட்டு வந்தான். மனைவியின் வேலையோ அடுப்புடனும் பாத்திரங்களுடனும் வண்டியில் ஏறி அவளுடன் கூடவே வந்தது. அவன் இளைப்பாறினான், அவள் இளைப்பாறவில்லை. அவளுடைய அடுக்களை முன்னையினும் மும்மடங்கு ஒடுங்கிப் போயிற்று என்பதே மாற்றம். பரந்த வீட்டிலே பாட்டனார் காலத்துப் பீங்கானும் பிள்ளைகளின் படங்களும் பூந்தோட்டமும் இருந்தன. அவற்றுள் எதைக் கொண்டுசெல்வது, எதை விற்பது, எதை மகளுக்குக் கொடுப்பது என்னும் தீர்ப்பும் அவள் தலையிலேயே விழுந்தது. வண்டி தாங்கும் பாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நினைவுப் பொருள்களும் இறாத்தல் கணக்கிலேயே நிறுக்கப்பட்டன.

1954ஆம் ஆண்டு 'நீண்ட நீண்ட இழுவைவண்டி' என்று பொருள்படும் பெயருடன் வெளிவந்த ஹொலிவூட் படமொன்று இதனையே கேலிக்கூத்தாக்கியது. மெய்வாழ்விலும் தம்பதிகளான லூசில் போலும் தேசி ஆர்னாசும் அதில் நடித்தனர். கதையில் வருவோர் முதியவர் அல்லர், புதுமணத் தம்பதிகள். போகுமிடமெல்லாம் மனைவி அழகிய கற்களைப் பொறுக்கி வண்டியில் ஒளித்து வைக்கிறாள். செங்குத்தான மலைப்பாதையில் அந்தப் பாரத்தால் உயிருக்கே ஆபத்து நேர்கிறது. மக்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர். கற்கள் யாருக்குப் பாரம், யாருக்குச் செல்வம் என்ற கேள்வி சிரிப்பிலே அமிழ்ந்து போயிற்று. மெய்வாழ்விலே அவ்விருவரும் 1960இல் மணமுறிவு பெற்றனர்.

கணவனுக்கும் நாளடைவில் ஒரு புதிய வேலை அமைந்தது. வண்டியை மோட்டாருடன் கொளுவுதல், நிலம் பார்த்துச் சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து மட்டம் செய்தல், நீர்க்குழாயும் மின்கம்பியும் இணைத்தல், வாயுக்கலத்தை மாற்றுதல், கழிவுத் தொட்டியை வெறுமையாக்குதல் ஆகியன அவன் பொறுப்பாயின. உள்ளே அவளுடைய ஆட்சி. வெளியே அவனுடைய ஆட்சி. பயணத்தின்போது அவன் சுக்கானைப் பிடித்தான். அவள் தேசப்படத்தை மடியில் விரித்து வழி சொன்னாள். முகாமை அடைந்ததும் ஒரு சோதனை காத்திருந்தது. நீண்ட வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக் குறுகிய இடத்தில் நிறுத்தவேண்டும். அவள் பின்னாலே நின்று கையசைப்பாள். அவன் கண்ணாடியிற் பார்த்துத் திருப்புவான். அவள் இடமென்று காட்டியதை அவன் வலமென்று கொள்வான். முகாமிலுள்ளோர் எல்லாரும் கதிரைகளிற் சாய்ந்தபடி இந்த நாடகத்தைக் கண்டு களிப்பர். வண்டிவீட்டுப் பயணிகளிடம் வழங்கும் வேடிக்கைக் கதைகளுள் பாதி இந்தப் பின்னோட்டத்தைப் பற்றியவை. அனுபவசாலிகள் முற்கூட்டியே கைச்சைகைகளைப் பேசி வைத்துக்கொண்டனர். அயலார் முன்னிலையிற் சத்தமிட்டுத் திருத்தாதிருத்தல் என்பதும் அந்த உடன்படிக்கையில் அடங்கும்.

எனினும், உள்ளே ஒருவரும் வெளியே ஒருவரும் என்ற ஏற்பாடு மழைநாளில் உடைந்துபோகும். நாட்கணக்கில் இருவரும் உள்ளேயே இருக்க நேர்ந்தால் என் செய்வது? இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்தது வண்டியைச் செய்த பொறியியலாளரின் சாமர்த்தியம் அன்று. வண்டிகள் கூடிநின்ற முகாம்களே தீர்த்தன. புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள பிரேடன்டன் நகரில், கிவானிஸ் என்னும் பொதுச்சேவைக் கழகம் 1936ஆம் ஆண்டு ஒரு வண்டிவீட்டுப் பூங்காவைத் தொடங்கியது. காலப்போக்கில் அது ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களைக் கொண்ட பெருங்குடியிருப்பாயிற்று. இளைப்பாறியோரே அங்கு மிகுந்திருந்தனர். ஹொய்ற் என்னும் சமூகவியலறிஞர் இப்பூங்காவை ஆராய்ந்து எழுதிய கட்டுரையை அமெரிக்கச் சமூகவியல் ஆய்விதழ் 1954இல் வெளியிட்டது. இத்தகைய வாழ்க்கையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று வினவியபோது, மனிதர்களோடு கலந்து பழகும் வாய்ப்பும் செய்வதற்குக் காரியங்கள் இருத்தலும் அவர்கள் கூறிய காரணங்களுள் முன்னின்றன. வெயிலும் மலிவும் மட்டுமே அவர்களை இழுத்தன என்று எண்ணியிருந்தோருக்கு இது வியப்பளித்திருக்கும்.

அந்தக் காரியங்கள்தாம் யாவை? நீண்ட கோலினால் வட்டத் தட்டுகளைச் சீமெந்துத் தளத்தின் மேல் தள்ளி இலக்கமிட்ட கட்டங்களில் நிறுத்தும் 'ஷபிள்போட்' என்னும் ஆட்டம் முதலிடம் பெற்றது. பழைய கப்பற்றளத்து ஆட்டமான இது புளோரிடாவின் டேற்றோனாக் கடற்கரையில் 1913ஆம் ஆண்டளவில் தரைக்கு இறங்கியது. சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் 1924இல் இதற்கென ஒரு கழகம் தோன்றிற்று. ஓடவேண்டியதில்லை, வலிமை வேண்டியதில்லை. கைத்திட்டமும் பொறுமையும் போதும். எழுபது வயது மாதும் எழுபத்தைந்து வயது முதியவரும் சமமாக நின்று ஆடலாம். சில வேளைகளில் மாதரே வென்றனர். இதைத் தவிரச் சீட்டாட்டம், பாடற்குழு, மரவேலை, தையல், வேதாகம வகுப்பு, எல்லாரும் ஒவ்வொரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் விருந்து ஆகியன வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் அட்டவணையிடப்பட்டன. காலையில் இருவரும் வெவ்வேறு திசையிற் சென்றனர். இரவுணவின்போது ஒருவர்க்கொருவர் சொல்வதற்குச் செய்தி இருந்தது. நாள் முழுவதும் ஒன்றாகவே இருந்தோரிடம் இந்தச் செய்தி இருப்பதில்லை.

முகாமில் நிலைத்து நில்லாமல் தொலைதூரம் செல்ல விரும்பியோரும் இருந்தனர். இவர்களுக்குத் தலைவராக நின்றவர் மேலே கூறிய வொலி பையாம். 1951ஆம் ஆண்டின் இறுதியில் 63 வண்டிகளைத் திரட்டிக்கொண்டு அவர் மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும் புறப்பட்டார். பாதையென்று சொல்லத்தக்க பாதை இல்லாத இடங்களில் வண்டிகள் முறிந்தன; பலர் இடைவழியிற் திரும்பினர்; மிகச் சிலரே கடைசிவரை சென்றனர். இனி இவ்வேலையே வேண்டாமென்று பையாம் வெறுத்திருக்கலாம். மாறாக, ஒவ்வோராண்டும் புதிய பயணங்கள் தொடர்ந்தன. 1955இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக் கென்ற்வில் நகரில் முகாமிட்டிருந்தபோது பயணிகள் தமக்கென ஒரு கழகத்தை நிறுவினர். நீலத் தொப்பி அவர்களுடைய சின்னம். ஒவ்வொரு வண்டியின் நெற்றியிலும் பெரிய சிவப்பு இலக்கம்.

1959ஆம் ஆண்டு நடந்த ஆபிரிக்கப் பயணமே இவற்றுட் பெரும்புகழ் பெற்றது. தென்முனையிலுள்ள கேப் ரவுணிலிருந்து வடக்கே கெய்ரோ வரை 41 வண்டிகளில் 106 பேர் சென்றனர். ஓய்வூதியம் பெறும் வயதினர் பலர் அவர்களுள் இருந்தனர். சேற்றிற் புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதும், முறிந்த அச்சை ஒட்டுவதும், நீரைக் காய்ச்சி வடிப்பதும் அன்றாட அலுவல்களாயின. எதியோப்பியாவிலே சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியின் விருந்தோம்பலையும் அவர்கள் பெற்றனர். வட்ட வட்டமாக நிறுத்தப்பட்ட வெள்ளி வண்டிகள் பிரமிட்டுகளின் அருகே நிற்கும் நிழற்படம் இன்றும் பல நூல்களிற் காணக்கிடைக்கிறது. ஊரிலே ஓய்வுநாற்காலியிற் சாய்ந்து மூட்டுவலியைப் பற்றிப் பேசியிருக்க வேண்டிய கணவனும் மனைவியும் அங்கே ஒரு பாலத்தின் பலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தனர். வாதாட்டம் இல்லாமற் போகவில்லை. அதன் பொருள்தான் மாறியது. பையாம் 1962 யூலையிற் காலமானார். எனினும் 1963இல் சிங்கப்பூரிற் தொடங்கி மறு ஆண்டு லிஸ்பன் நகரில் முடிவுற்ற உலகப் பயணம் ஒன்றையும் கழகத்தார் நடத்திக் காட்டினர்.

இவை துணிந்த சிலரின் கதைகள். பெருந்தொகையான மக்களைப் பாதையில் இறக்கியவை வேறு இரண்டு. 1956இல் நிறைவேறிய சட்டத்தின்படி 41,000 மைல் நீளமான மாநிலங்களுக்கிடையிலான பெருந்தெருக்கள் அமைக்கப்படலாயின. 1966இல் அயோவா மாநிலத்து வின்னிபேகோக் கம்பெனி இயந்திரமும் வீடும் ஒன்றேயான மோட்டார் வீடுகளைத் தொகைதொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியது. கொளுவும் வேலையும் கழற்றும் வேலையும் குறைந்தன. பயணம் எளிதாக ஆக, அதில் இருவரும் செய்யவேண்டியதும் குறைந்துபோயிற்று. எளிமை எப்பொழுதும் தம்பதிகளுக்கு நன்மையே செய்ததென்று சொல்வதற்கில்லை.

காட்சிகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது? முதலாம் ஆண்டில் மலைகளும் பள்ளத்தாக்குகளும் மனத்தைக் கொள்ளைகொள்ளும். இரண்டாம் ஆண்டில் மலைக்குப் பின் மலை வரும். சுற்றுலா என்பது ஒரு தொழிலாக நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதைப் பலர் அனுபவத்தாற் கண்டனர். அவர்களுக்கு அரசாங்கம் எதிர்பாராத முறையிற் கைகொடுத்தது. தேசியப் பூங்காக்களில் தொண்டர்களைச் சேர்ப்பதற்கு 1970ஆம் ஆண்டுச் சட்டமும், தேசிய வனங்களிற் சேர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளித்தன. இதன்படி இளைப்பாறிய தம்பதி ஒன்று ஒரு பருவகாலம் முழுவதும் ஒரு முகாமின் காவலராகத் தங்கலாம். வருவோரை வரவேற்றல், விறகும் நீரும் பற்றி விளக்குதல், வழிகாட்டுதல், துப்புரவு பேணுதல் அவர்கள் கடமை. வண்டி நிறுத்தும் இடம் அவர்களுக்கு இலவசம். முப்பதாண்டுகள் வங்கியிற் கணக்கெழுதியவர் பறவைகளின் பெயரைக் கற்றார். அவருடைய மனைவி பிள்ளைகளுக்கு இரவில் விண்மீன் காட்டினாள். அவளுக்கும் அங்கே அடுக்களைக்குப் புறம்பான ஓர் உத்தியோகம் கிடைத்தது என்பது கவனிக்கத்தக்கது.

அரிசோனாப் பாலைநிலத்திலுள்ள குவார்ட்ஸைட் என்னும் சிற்றூர் மற்றொரு வகைக்கு உதாரணம். 1967ஆம் ஆண்டு அங்கே கற்களும் கனிப்பொருள்களும் விற்கும் சந்தை ஒன்று தொடங்கிற்று. குளிர்காலத்தில் சுற்றுப்புறப் பாலைநிலம் வண்டிவீடுகளால் நிறைந்தது. 1983 முதல் அரசாங்கம் அந்நிலத்தின் சில பகுதிகளை ஒதுக்கி, செப்தெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரில் நடுப்பகுதிவரை சிறு கட்டணத்துக்குத் தங்கவிட்டது. பகலெல்லாம் கல் பொறுக்குதல். பின்னர் அறுத்தல், மெருகிடுதல், வெள்ளியிற் பதித்தல். திரைப்படத்திலே நகைப்புக்கிடமான அந்தக் கற்கள் இங்கே இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தின.

இந்தச் சித்திரத்தின் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியில் சேமிப்பையும் வீட்டையும் இழந்த முதியோர் பலர், விருப்பத்தினாலன்றி வேறு வழியின்மையால் வண்டிகளிற் குடியேறினர். சீனிக்கிழங்கு அறுவடையிலும், நத்தார்க் காலப் பண்டகசாலைகளிலும் எழுபதை எட்டியோர் இரவுபகலாக உழைத்தனர். ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட நூல் இவர்களின் நிலையை உலகறியச் செய்தது. பொழுதைப் போக்குவதற்கு வேலை செய்தலும், பெற்றோலுக்காக வேலை செய்தலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். வேலையை நாளைக்கு விட்டுவிட முடியுமா என்று கேட்டால் வேறுபாடு விளங்கும்.

1990ஆம் ஆண்டளவில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலறிஞர் இருவர் இம்மக்களை ஆராயப் புறப்பட்டனர். டொரதி கவுண்ட்ஸ், டேவிட் கவுண்ட்ஸ் என்னும் அவ்விருவரும் கணவனும் மனைவியும் ஆவர். அதற்குமுன் பப்புவா நியூகினியின் கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு நடத்தியவர்கள். தாமும் ஒரு வண்டிவீட்டில் ஏறி, முகாம் முகாமாகத் தங்கி, 1996இல் ஒரு நூலை வெளியிட்டனர். சொந்த ஊரும் அயலும் இல்லாத இம்மக்கள் உணவைப் பகிர்வதாலும், கேளாமலே உதவுவதாலும் அயலை உடனுக்குடன் ஆக்கிக்கொள்கின்றனர் என்பது அவர்கள் கண்ட முக்கியமான செய்தி. புதிதாக வந்த வண்டியின் கதவு திறக்குமுன்பே பக்கத்து வண்டிக்காரர் கைகொடுக்க வந்து நிற்பார். நாளை பிரியப்போகிறவர்கள் என்பதால் இன்றே நட்புக் கொள்ளவேண்டியிருந்தது.

நட்பும் ஆட்டமும் தொண்டும் எல்லாம் உடல்நலம் உள்ளவரையில். மலையிடைப் பாதையொன்றில், ஊரிலிருந்து ஆயிரம் மைலுக்கப்பால், சுக்கானைப் பிடித்திருந்த கணவனுக்கு நெஞ்சுவலி வந்தால்? முப்பதடி வண்டியை ஒருநாளும் ஓட்டியறியாத மனைவி அருகே தேசப்படத்துடன் அமர்ந்திருக்கிறாள். அவன் வெளியே, அவள் உள்ளே என்று இனிதாக நடந்த பங்கீடு அந்த வேளையில் இருவரையும் கைவிட்டுவிடும். இதனை உணர்ந்தே கழகக் கூட்டங்களில் பெண்களுக்கென வண்டி ஓட்டும் வகுப்புகள் நடத்தப்பட்டன. சில கணவர்கள் இவ்வகுப்புகளை அவ்வளவாக விரும்பவில்லை; தம்முடைய கடைசி உத்தியோகமும் பறிபோகிறதென்று எண்ணினர் போலும். வகுப்புக்குச் சென்று, வாரத்தில் ஒருநாளாவது சுக்கானைப் பிடித்த மாதர் எதிர்பாராத வேறொரு பயனையும் கண்டனர். அந்நாளில் அடுப்பங்கரை கணவனுடையதாயிற்று.

இந்த விடயத்தில் முன்னின்ற தம்பதி ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்போர். அம்மையார் ஒரு தாதி. இளைப்பாறும் வயது வருமுன்னரே வீட்டைத் துறந்து வண்டியேறியவர்கள் இவர்கள். நிரந்தரமாக வண்டியில் வாழ்வது எப்படியென்று அம்மையார் சஞ்சிகையொன்றில் எழுதிவந்தார். வாசகர்களின் கடிதங்கள் பெருகவே 1978ஆம் ஆண்டு 'தப்பிச் சென்றோர்' என்று பொருள்படும் கழகம் ஒன்றை இருவரும் நிறுவினர். டெக்சாஸ் மாநிலத்து லிவிங்ஸ்டன் நகரம் அதன் தலைமையிடமாயிற்று. முகவரியற்ற மக்களுக்கு அந்நகரமே முகவரி. அங்கு வந்துசேரும் தபால் அவர்கள் நிற்குமிடந் தேடி அனுப்பப்பட்டது. துணையை இழந்தோர் அல்லது துணையில்லாதோர் தனிக் கழகம் ஒன்றையும் வைத்திருந்தனர். 1969இல் தோன்றிய அக்கழகத்தில் ஒருவரோடொருவர் சேர்ந்துகொண்டோர் உறுப்புரிமையை இழக்கவேண்டும் என்பது விதி. வாழ்த்துக் கூறியே வழியனுப்பினார்களாம்.

லிவிங்ஸ்டன் நகரில் 1990களில் எழுந்த மற்றோர் ஏற்பாடு மேலும் கருதத்தக்கது. இனி ஓட்ட முடியாதென்ற நிலை வந்தால் தம்பதிகளுக்கு இருந்த வழி ஒன்றுதான்: வண்டியை விற்றுவிட்டு முதியோர் இல்லம் புகுதல். அங்கே நோயாளி ஒரு பிரிவிலும் நோயற்றவர் வேறொரு பிரிவிலும், சில வேளை வேறோர் ஊரிலும் வைக்கப்படுவதுண்டு. நூற்றறுபது சதுர அடிக்குள் ஒருவரை ஒருவர் இடிக்காமல் வாழப் பல்லாண்டு பழகியவர்கள், கடைசியிற் பிரிக்கப்பட்டனர். இதனைத் தவிர்ப்பதற்காகக் கழகத்தார் நன்கொடையையும் தொண்டர்களையும் கொண்டு ஒரு பராமரிப்பு நிலையத்தைத் தொடங்கினர். நடுவே ஒரு பொதுமண்டபம். அதனைச் சுற்றி வண்டிகள் நிற்பதற்கு இடங்கள். மண்டபத்தில் மூவேளை உணவும் தாதியரின் கவனிப்பும் உண்டு. பகற்பொழுதில் நோயுற்றவரை அங்கே பார்த்துக்கொள்வர். ஆரோக்கியமாக உள்ளவர் அவ்வேளையில் கடைக்குச் சென்று வரலாம், ஆட்டம் ஆடலாம், அல்லது சும்மா சிறிது நேரம் தனியே இருக்கலாம். மாலையானதும் இருவரும் தம் சொந்த வண்டிக்கே திரும்பினர். அதே கட்டில், அதே மடக்கு மேசை. கீழே சக்கரங்களும் கழற்றப்படாமலே இருந்தன.